பிள்ளையின் வயிற்றுப் புண்ணுக்குப் பிள்ளையா பொறுப்பு?

வயிறு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. “காலையில சாப்பிடாம ஓடினா அல்சர் வராம என்ன வரும்?” என்கிறார் அம்மா. “கடையில கண்டதையும் வாங்கித் தின்னா இப்படித்தான்” என்கிறார் பாட்டி. தேர்வு மாதமாக இருந்தால் ‘டென்ஷன்’ என்ற காரணமும் சேர்ந்துகொள்ளும். எந்தப் பதிலை எடுத்தாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அந்தப் பிள்ளைதான். பிறகு தெருமுனை மெடிக்கலில் ஒரு பாட்டில் ஜெல் வாங்கிக் கொடுப்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

குழந்தைகளின் இரைப்பையிலும், அதையடுத்த முன்சிறுகுடலிலும் மெய்யாகவே புண் வருவதற்கு என்னென்ன காரணம் என்று மருத்துவம் கண்டறிந்திருப்பதைப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர், படுக்கிற இடத்தின் நெருக்கடி, கழிப்பறை, பெரியவர்கள் வாங்கிக் கொடுக்கிற வலி மாத்திரை, மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனம் தவறுகிற ஒரு நாள். இவற்றில் எதுவும் பிள்ளையின் கையில் இல்லை. பிள்ளையைத் திட்டும்போது நம் பொறுப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

உணவின் மேல் பழி போடும் பழக்கம் நமக்குச் சும்மா வரவில்லை. இந்த நோயோடு தென்கோடித் தமிழ் மண்ணுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் 1920-களிலிருந்து பணியாற்றியவர் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்றவர். முதல் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் காத்துக் கிடந்ததைக் கண்டு அங்கேயே ஊழியம் செய்ய முடிவெடுத்தார். அவரிடம் வந்தவர்களில் பெருங்கூட்டம் முன்சிறுகுடல் புண்ணால் துடித்தவர்கள். ஏன் இந்த வட்டாரத்தில் மட்டும் இத்தனை பேர் என்ற கேள்வி அவரை விடவில்லை. சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1936-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அதே காலத்தில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு வட்டார மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று தின்ற எலிகள் நலமாக இருந்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்கு உணவைத் தின்ற எலிகள் பலவற்றின் இரைப்பையில் புண் கண்டது. ஆக, கிழங்கு, அரிசி, மிளகாய், புளி என்று சந்தேகம் நீண்டதற்கு அன்று நியாயம் இருந்தது.

அந்தச் சித்திரத்தை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்கள் இருவர். திசு ஆய்வாளர் ராபின் வாரன், இரைப்பைச் சுவரில் சுருள் வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1982-ல் ஈஸ்டர் விடுமுறையால் ஆய்வகத்தில் வழக்கத்தைவிட அதிக நாள் விடப்பட்ட தட்டுகளில்தான் அந்தக் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகம் மறுத்தபோது, 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் இரைப்பை அழற்சி வந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிருமிக்காக இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்தக் கதையில் குழந்தைகளுக்கு உரிய பகுதியை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஹெலிகோபாக்டர் பெரும்பாலும் பெரியவர்களான பிறகு தொற்றுவதில்லை. வாழ்வின் முதல் சில ஆண்டுகளிலேயே உடம்பில் குடியேறுகிறது. மருந்து கொடுத்து அழிக்காவிட்டால் பெரும்பாலானவர்களிடம் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. நெய்யூரில் முப்பது வயதில் அறுவை மேசையில் படுத்தவர், அந்தக் கிருமியைப் பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களின் வயிற்றுப் புண் என்று நாம் நினைப்பதில் ஒரு பெரும்பங்கு, மழலைப் பருவத்தில் விதைக்கப்பட்டது.

எப்படித் தொற்றுகிறது? பெரும்பாலும் வீட்டுக்குள்தான். தாயிடமும் பிள்ளையிடமும் ஒரே வகைக் கிருமி இருப்பதைப் பல நாடுகளில் மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. எச்சில், வாந்தி, மலம் ஆகிய மூன்று வழிகளிலும் பரவக்கூடும் என்று கருதப்படுகிறது. ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துப் படுக்கும் வீடு, அண்ணன் தம்பிகள் ஒரே பாயைப் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பம், அசுத்தமான குடிநீர், பலருக்குப் பொதுவான கழிப்பறை, வறுமை இவையெல்லாம் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஆபத்துக் காரணிகள். உணவை வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டுவதும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுத் தாய்மார்கள் மேல் யாரும் பழியைத் திருப்ப வேண்டாம். தாய்க்கும் அது தன் குழந்தைப் பருவத்தில், இதே போன்ற வீட்டில், இதே போன்ற தண்ணீரில் வந்ததுதான். பிள்ளையைக் கொஞ்சுவதும் அணைத்துத் தூங்க வைப்பதும் நோய்க் காரணம் ஆகாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரைத் தூங்க வைக்கிற வாடகையும், சாக்கடைக்கு அருகே ஓடுகிற குடிநீர்க் குழாயும்தான் திருத்த வேண்டிய காரணங்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 1950-க்கு முன் பிறந்த தலைமுறையில் பெரும்பாலானவர்களிடம் இந்தக் கிருமி இருந்தது. இன்றைய ஜப்பானியப் பிள்ளைகளில் மிகச் சிலரிடமே இருக்கிறது. குழாய்நீர், கழிவுநீர் வடிகால், விசாலமான வீடு, சிறிய குடும்பம் என்று வாழ்க்கை மாற மாற, எந்தத் தடுப்பூசியும் இல்லாமலேயே தொற்று வற்றிப்போனது. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் 6 முதல் 15 வயது வரையான 4,464 பிள்ளைகளிடம் வாய்வழித் தடுப்பு மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். முதல் ஆண்டில் அது 71.8 சதவீதம் பாதுகாப்புத் தந்ததாக 2015-ல் முடிவு வெளிவந்தது. இன்றுவரை நம் கைக்கு அப்படியொரு மருந்து வரவில்லை. ஆகவே குடிநீர், வடிகால் திட்டங்களை வயிற்றுப்போக்குக்கும் டைபாய்டுக்குமான நடவடிக்கையாக மட்டும் பார்த்தால் போதாது. நாற்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய இரைப்பைப் புற்றுநோய் வரைக்கும் அவற்றின் பலன் நீள்கிறது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கிருமி இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் புண் வருவதில்லை. மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. கிருமியின் வகை, குடும்பத்தில் பெற்றோருக்கு அல்சர் இருந்த வரலாறு, பதின்வயதில் தொடங்குகிற புகைப்பழக்கம் என்று வேறு பலவும் சேரும்போதே ஆபத்து கூடுகிறது. முன்சிறுகுடலில் நாள்பட்ட புண் பெரும்பாலும் எட்டு, பத்து வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். அதற்கும் சிறிய குழந்தையின் இரைப்பையில் திடீரென்று புண் வந்து ரத்தம் கசிந்தால், மருத்துவர் முதலில் தேடுவது வேறு இரண்டு காரணங்களை: குழந்தை கடும் நோயில் கிடந்ததா, அல்லது என்ன மருந்து கொடுத்தீர்கள்?

நாமே ஊட்டுகிற காரணம்

இந்த இரண்டாவது கேள்வியில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்த வலி, காய்ச்சல் மருந்துகள். பாராசிட்டமால் இந்த வகையில் சேராது. இரைப்பை சுரக்கிற அமிலம் இறைச்சியைச் சிதைக்கும் அளவுக்குக் கடுமையானது. அது இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்கு, உட்சுவரை மூடியிருக்கும் சளிப்படலமும், அங்கே சுரக்கிற பைகார்பனேட்டும், தடையில்லாத ரத்த ஓட்டமும் காரணம். இந்த மூன்றையும் பேணுவது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். காய்ச்சலையும் வலியையும் தூண்டுவதும் அதே குடும்பத்துப் பொருள்தான். மாத்திரைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தலைவலியை அடக்குகிற அதே வேகத்தில் இரைப்பையின் காவலையும் அது கலைத்துவிடுகிறது. சாப்பிட்ட பிறகு கொடுத்தால் எரிச்சல் குறையலாம். ஆனால் ஆபத்து அறவே நீங்கிவிடாது, ஏனென்றால் மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைச் செய்கிறது. ‘மாத்திரைதான் வயித்தைக் கெடுக்கும், ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்பதாலும் பயனில்லை.

இதைச் சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் காய்ச்சல் கண்ட 84,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளிவந்தது. சில நாட்கள் ஐபுபுரோஃபென் எடுத்துக்கொண்டவர்களில், குடல் ரத்தக்கசிவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் லட்சத்துக்கு ஏழு பேர் என்ற அளவில்தான் இருந்தார்கள். பாராசிட்டமால் எடுத்தவர்களில் ஒருவரும் இல்லை என்றாலும், அந்த வேறுபாட்டைப் புள்ளியியல்படி உறுதியாகக் கொள்ள முடியவில்லை. எடைக்கேற்ற அளவில், சில நாட்கள், மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் ஆபத்து மிகக் குறைவு.

நம் ஊரில் நடப்பது அப்படியா? அண்ணனுக்கு எழுதிய சிரப்பைத் தம்பிக்கும் ஊற்றுகிறோம். தேக்கரண்டி எது, மேசைக்கரண்டி எது என்று பார்ப்பதில்லை. பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் சேர்ந்த சிரப்பைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் தணியவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் மெஃபெனமிக் அமிலத்தையும் கொடுக்கிறோம். வாந்தியும் பேதியுமாக நீர் வற்றிக் கிடக்கிற பிள்ளைக்கு அது இரைப்பையோடு சிறுநீரகத்தையும் தாக்குகிறது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால், ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் அந்த நேரத்தில் இந்த வகை மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் என்பதை ஒவ்வோர் அங்கன்வாடிச் சுவரிலும் எழுதி வைக்கலாம். பிள்ளைகளுக்கான மருந்துகளில் அரசு தலையிட முடியாது என்பதும் இல்லை. கல்லீரல் பாதிப்பு பற்றிய அச்சம் எழுந்தபோது, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிமெசுலைடு தரக் கூடாது என்று மத்திய அரசு 2011-ல் தடை போட்டதே.

இதைவிடக் கொடியது காகிதப் பொட்டலம். சீட்டு எதுவும் இல்லாமல் மெடிக்கலில் போய் ‘காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க’ என்று கேட்டால், பெயர் தெரியாதபடி அட்டையிலிருந்து பிரித்த நான்கைந்து மாத்திரைகளைக் கலந்து மடித்துக் கொடுக்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதில் வலி மாத்திரையும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்தே இருந்தால், அதுதான் இரைப்பைக்கு மிக ஆபத்தான கூட்டு. வலி மாத்திரை தனியாகத் தருகிற ஆபத்தை ஸ்டீராய்டு பல மடங்காக்கிவிடும். அன்று மாலையே காய்ச்சல் விட்டுப் பிள்ளை எழுந்து விளையாடுவதால், ‘அந்த மெடிக்கல்ல குடுத்தா ஒரே நாள்ல சரியாகும்’ என்று கடைக்குப் பெயரும் கிடைக்கிறது. மெஃபெனமிக் அமிலமும் ஸ்டீராய்டுகளும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதவை என்பது சட்டம். பிரித்த மாத்திரையைப் பெயரின்றி மடித்துக் கொடுப்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சிறு குற்றமாகப் பார்க்கக் கூடாது.

பதின்வயதுப் பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு வலிக்கு மெஃபெனமிக் அமிலம் நல்ல மருந்து. வலியைப் பொறுத்துக்கொள் என்று அவர்களிடம் சொல்வது கொடுமை. ஆனால் அந்த மாத்திரை அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் கோளாறு. வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல், தோழியின் பையிலிருந்து வாங்கி, காலையில் வெறும் வயிற்றில், வலி விடாவிட்டால் மதியம் இன்னொன்று, அடுத்த மாதமும் அப்படியே. எத்தனை நாள், எத்தனை முறை, சாப்பிட்டுவிட்டுப் போடு, வயிறு எரிந்தால் நிறுத்திவிட்டு என்னிடம் சொல் என்று ஒரு ஆசிரியையோ கிராமச் செவிலியரோ ஐந்து நிமிடம் பேசினால் போதும். அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு நம் பள்ளிகளில் இடம் ஒதுக்கப்படவில்லை.

மூட்டு அழற்சி, வாதக் காய்ச்சல், கவாசாகி நோய் போன்றவற்றுக்காக இந்த மருந்துகளை மாதக்கணக்கில் எடுத்தே தீர வேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இரைப்பைக்குப் பாதுகாப்பு மருந்து தேவையா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டால் போதும்.

கடும் நோயில் வருகிற புண் வேறு. தீக்காயம் பட்டவர்களுக்கு முன்சிறுகுடலில் புண் வருவதை லண்டன் மருத்துவர் கர்லிங் 1842-லேயே எழுதினார். மூளை பாதிப்புக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் உள்ள தொடர்பை 1932-ல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் விளக்கினார். செயற்கை சுவாசத்தில் இருக்கும் குழந்தை, ரத்தத்தில் கிருமி பரவிய பச்சிளம் சிசு, அதிர்ச்சி நிலைக்குப் போன பிள்ளை ஆகியோருக்கு இரைப்பைச் சுவருக்கான ரத்த ஓட்டம் குறைந்து புண் உண்டாகிறது. இதைக் கவனிப்பது மருத்துவமனையின் வேலை. வீட்டின் வேலை ஒன்று உண்டு: கழிப்பறை கழுவும் ஆசிடைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதிருப்பதும், கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும். இரண்டுமே உணவுக்குழாயையும் இரைப்பையையும் நேரடியாக வேகவைத்துவிடக் கூடியவை.

பசியும் பயமும்

அப்படியானால் காலை உணவைத் தவிர்ப்பதும் காரமும் ஒன்றும் செய்யாதா? இருக்கிற புண்ணின் வலியைக் கூட்டும். புண்ணே இல்லாத வயிற்றிலும் எரிச்சல் தரும். அவை தாமாகப் புண்ணை உண்டாக்குகின்றன என்பதற்குத் திடமான சான்று இல்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை அல்சரைத் தடுக்கும் திட்டம் என்று சிலர் பாராட்டுகிறார்கள். பசியோடு ஒரு குழந்தையும் வகுப்பில் உட்காரக் கூடாது என்பதே அந்தத் திட்டத்துக்குப் போதுமான நியாயம். பசி கொடுமையானது என்பதற்கு மருத்துவக் காரணம் எதற்கு?

அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் புண்ணே இருக்காது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ல் வெளியிட்டார். பத்தில் ஒருவருக்கு இத்தகைய தொடர் வலி இருந்தது. மிகச் சிலருக்கே உடலில் நோய் தென்பட்டது. தொப்புளைச் சுற்றிய வலி பெரும்பாலும் அஞ்ச வேண்டாதது, தொப்புளை விட்டு விலக விலகக் கவனம் தேவை என்று அவர் சொன்ன விதியைக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. பள்ளியில் அடியோ கேலியோ நடக்கிறதா என்று அந்த வலி கேட்கச் சொல்கிறது. அதற்கு ‘கேஸ் மாத்திரை’ பதில் ஆகாது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவற்றை மாதக்கணக்கில் காரணமின்றிக் கொடுத்தால், அமிலம் தடுத்துவந்த குடல் தொற்றுகளுக்கு வழி திறந்துவிடுவோம்.

அஞ்ச வேண்டிய அறிகுறிகள் வேறு. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி. காபித்தூள் கரைசல் போன்ற அல்லது ரத்தம் கலந்த வாந்தி. தார் போலக் கறுத்து ஒட்டுகிற மலம். எடை குறைவது, வளர்ச்சி நின்றுபோவது. சத்து மாத்திரை கொடுத்தும் ஏறாத ரத்த அளவு. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் மலம் கறுக்கும் என்பதால் பெற்றோர் குழம்பக்கூடும். சந்தேகமிருந்தால் காட்டிவிடுவது நல்லது. மிகச் சிறிய குழந்தைக்கு வலிக்கும் இடத்தைக் காட்டத் தெரியாது. அழுகை, பால் குடிக்க மறுப்பது, ஓயாத வாந்தி என்றுதான் நோய் பேசும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில், மெல்லக் கசிகிற ஒரு புண் ‘சத்துக் குறைவு’ என்ற பெயரில் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

புண் என்று சந்தேகம் வலுத்தால் செய்ய வேண்டியது எண்டோஸ்கோப்பி. ஹெலிகோபாக்டர் இருக்கிறதா என்று பல ஆய்வகங்கள் எடுத்துத் தருகிற ரத்தப் பரிசோதனையை நம்பிக் குழந்தைக்குச் சிகிச்சை தொடங்கக் கூடாது என்று ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நல மருத்துவர் சங்கங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. ரத்தத்தில் காண்பது எதிர்ப்புப் பொருள். கிருமி போன பின்பும் அது நெடுநாள் இருக்கும். கிருமியால் வந்த புண் உறுதியானால், அமிலம் குறைக்கும் மருந்தும் இரண்டு வகை ஆன்டிபயாடிக்கும் 14 நாட்கள் விடாமல் கொடுக்க வேண்டும். நான்காம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்துவதுதான் இங்கே வழக்கம். சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுத்துப் பழகிய நம் நாட்டில், மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் அடங்காத ஹெலிகோபாக்டர் ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. அதனால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று முடிந்தவரை முதலிலேயே சோதிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ பார்த்தே ஆக வேண்டும். மலப் பரிசோதனைக்கு ஊசி குத்த வேண்டியதில்லை, பிள்ளையை மயக்க வேண்டியதில்லை, பெரிய இயந்திரமும் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் அது கட்டணமின்றிக் கிடைக்கும்படி சுகாதாரத் துறை செய்ய வேண்டும். குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி செய்யத் தெரிந்த மருத்துவரும் மயக்க மருத்துவரும், குறைந்தது நான்கைந்து மாவட்டங்களுக்கு ஒரு மையத்திலாவது, வாரம் ஒரு நாள் இருக்க வேண்டும்.